குருவியில் தொடங்கிய கல்வி: பறவையியல் மேதை சலீம் அலி



ஜும்ஆத் தொழுகைக்காகச் சைதாப்பேட்டைக் கடைவீதி வழியே நடந்து செல்கையில், உங்கள் தலைக்கு மேலே எத்தனை வகை உயிர்கள் பறக்கின்றன என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? மீன் கடைகளின் மேலே பருந்து வட்டமிடுகிறது. கூரை விளிம்பில் காகம் அமர்ந்து கீழே நடப்பதை நோட்டமிடுகிறது. அடையாற்றங்கரையில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது. பாலத்தைக் கடந்தால் கிண்டிக் காடு. அங்கே இன்னும் எத்தனையோ!

இவற்றை அண்ணாந்து பாருங்கள் என்று திருமறை நம்மை அழைக்கின்றது. வான்வெளியில் சிறகு விரித்து மிதக்கும் பறவைகளை ‘அந்நஹ்ல்’, ‘அல்முல்க்’ ஆகிய அத்தியாயங்கள் சிந்திப்போருக்குச் சான்றாகக் காட்டுகின்றன. நிலத்தில் நடப்பனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ‘அல்அன்ஆம்’ அத்தியாயம் அறிவிக்கின்றது. இவ்வழைப்பைச் செவியுற்றோர் கோடிக்கணக்கானோர். வாழ்நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் வெகு சிலர். அந்தச் சிலரில் ஒருவரான சலீம் அலி அவர்களின் வாழ்க்கையை இன்று நாம் காண்போம்.

யத்தீமாக வளர்ந்த பிள்ளை

சலீம் முயீசுத்தீன் அப்துல் அலி என்பது அவருடைய முழுப்பெயர். இன்று மும்பை எனப்படும் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில், 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பிறந்தார். பெற்றோருக்கு அவர்தாம் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளைப்பேறு இல்லாத தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி அவர்களும் மாமியார் ஹமீதா பேகம் அவர்களும் அந்த யத்தீம் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே அரவணைத்து வளர்த்தார்கள். நாட்டு விடுதலைக்குப் பாடுபட்ட அப்பாஸ் தயாப்ஜி அவர்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவரே.

மாமா வேட்டையில் விருப்பம் உள்ளவர். ஆகவே சிறுவனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி வாய்த்தது. குருவிகளைச் சுட்டு, முறைப்படி அறுத்து, சமையற்காரரிடம் கொடுத்து உண்பது அவ்வீட்டுச் சிறுவர்களின் பொழுதுபோக்கு. பத்து வயதளவில் ஒரு நாள் அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில், குழம்பு சிந்தியது போன்ற மஞ்சள் கறை ஒன்று காணப்பட்டது. இது வழக்கமான குருவி அன்று. பெயர் தெரியாத இந்தப் பறவையை ஒரு முஸ்லிம் பிள்ளை உண்ணலாமா, கூடாதா? ஐயம் எழுந்தது. குருவியை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினார்.

இந்த இடத்தில் சற்றே நில்லுங்கள். நம் இல்லங்களில் இப்படி ஒரு கேள்வியோடு பிள்ளை ஓடிவந்தால் நாம் என்ன செய்வோம்? தூக்கி எறி என்போம்; அல்லது பேசாமல் சாப்பிடு என்போம். அமீருத்தீன் அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. அது என்ன பறவை என்று அவருக்கும் விளங்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல், தெரிந்தவரிடம் கேட்டு வா என்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டு என்ற ஆங்கிலேயருக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்துச் சிறுவனை அனுப்பிவைத்தார். அறியாவிடில் அறிந்தோரிடம் கேளுங்கள் என்பது திருமறை வகுத்த நெறியல்லவா!

வெள்ளைக்காரத் துரையின் முன்னால் நடுங்கியபடி நின்ற சிறுவனை மில்லர்டு அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கண்டு சொன்னார். அத்தோடு விட்டுவிடவில்லை. பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். ஊர்க்குருவி ஒன்றுதான் குருவி என்று எண்ணியிருந்த பிள்ளையின் முன்னே படைப்பின் விரிவு கண்கூடாகத் தெரிந்தது. ஹலாலா என்று கேட்கப் போனவர், பறவையியல் மாணவராகத் திரும்பி வந்தார்.

உயிர் என்பது யாது?

ஒரு குருவியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அருகில் ஒரு கூழாங்கல்லையும் வைப்போம். இரண்டிற்கும் எடை உண்டு, நிறம் உண்டு. ஆனால் குருவி தானியத்தை உண்டு அதனைத் தன் தசையாகவும் ஆற்றலாகவும் மாற்றிக்கொள்கிறது. மூச்சு விடுகிறது. வெளியே மார்கழிக் குளிரானாலும் சித்திரை வெயிலானாலும் தன் உடல் வெப்பத்தை 40 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலாகக் காத்துக்கொள்கிறது. பூனையைக் கண்டால் பறந்துவிடுகிறது. தன்னைப் போன்ற குஞ்சுகளை ஈன்று வளர்க்கிறது. அதன் உடல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனது. கல்லுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

இன்னும் ஓர் இலக்கணம் உண்டு. குஞ்சுகள் பெற்றோரைப் போல இருக்கின்றன. ஆயினும் அச்சில் வார்த்தது போல் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. சிறகு சற்று நீண்டதும் குறுகியதும், நிறம் சற்று வெளிறியதும் கறுத்ததுமாக வேறுபாடு தோன்றுகிறது. உயிரியலின் பெரும் பகுதி இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே விரிகின்றது. அதனைப் பின்னர் காண்போம்.

எட்டு ஆண் குருவிகள்

1906-07ஆம் ஆண்டளவில் அச்சிறுவன் எழுதிய குறிப்பு ஒன்று ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அச்சேறியது. குதிரை லாயத்துச் சுவர்ப் பொந்து ஒன்றில் பெண் குருவி அடைகாக்கிறது. வாயிலில் உள்ள ஆணியில் ஆண் குருவி காவல் இருக்கிறது. சிறுவன் வண்டியின் பின்னே மறைந்திருந்து ஆணைச் சுடுகிறான். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் அதே ஆணியில் வந்து அமர்கிறது. அதையும் சுடுகிறான், மீண்டும் ஒன்று வருகிறது. ஏழு நாள்களில் எட்டு ஆண் குருவிகள்! அத்தனையையும் நாள் தவறாமல் எழுதி வைத்தான்.

படிக்கும்போது நம் மனம் நோகிறது. நோக வேண்டியதுதான். காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமை நாளில் இறைவனிடம் முறையிடும் என்று எச்சரித்தவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். குஞ்சுகளைப் பறிகொடுத்துப் படபடத்த தாய்ப்பறவையிடம் அக்குஞ்சுகளைத் திருப்பித் தரச் செய்தவர்களும் அவர்களே. அந்தச் செயலை நாம் போற்றவில்லை. ஆனால் அக்குறிப்பில் அறிவியலின் வித்து இருப்பதையும் மறுக்க இயலாது. கண்டதைக் கண்டபடி எழுதுவது, எண்ணிக்கையோடு எழுதுவது, ஏன் என்று கேட்பது ஆகிய மூன்றும் அச்சிறு வயதிலேயே அவரிடம் இருந்தன. துப்பாக்கி ஏந்திய அந்தக் கைகள் பின்னாளில் பறவைகளைக் காக்க நீண்டன என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

பட்டம் இல்லாத அறிஞர்

சலீம் அலி வகுப்பில் முதல் மாணவராக விளங்கியவர் அல்லர். ஓயாத தலைவலியால் படிப்பு தடைப்பட்டது. 1913இல் மெட்ரிக்குலேஷன் தேறினார். பின்னர்க் குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவுக்குச் சென்றார். அங்கே சுரங்கக் கணக்கைக் காட்டிலும் காட்டுப் பறவைகளே அவர் கருத்தைக் கவர்ந்தன. 1917இல் தாயகம் திரும்பி வணிகக் கல்வியும் விலங்கியலும் பயின்றார். 1918 டிசம்பரில் தஹ்மீனா பேகம் அவர்களை மணந்தார்.

இந்திய விலங்கியல் அளவைத் துறையில் பறவையியலார் பணிக்கு முயன்றபோது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்று அது மறுக்கப்பட்டது. 1926இல் பம்பாயில் அன்று வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம் என வழங்கிய கூடத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் பணி கிடைத்தது. அந்நாளில் முகலாயப் பேரரசர்களின் இயற்கை நாட்டம் பற்றிய தொடர் கட்டுரைகளைக் கழகத்தின் இதழில் எழுதினார். பேரரசர் ஜஹாங்கீர், சாரசக் கொக்கு இணை ஒன்று முட்டையிட்டு அடைகாத்ததை நாள் விடாது கவனித்துப் பதிந்து வைத்தவர். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ், உயிரினங்கள் ஒன்றையொன்று இரையாக்கி வாழும் முறையைத் தம் விலங்கு நூலில் விரித்துரைத்தவர். உயிர்களை உற்றுநோக்கும் கலை முஸ்லிம்களுக்குப் புதியது அன்று. இடையில் நாம் கைவிட்டது.

1928இல் விடுப்பு எடுத்துக்கொண்டு சலீம் அலி ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் ஸ்ட்ரெசமன் அவரை மாணவராக ஏற்றார். அதே ஆசிரியரிடம் பயின்ற எர்ன்ஸ்ட் மேயர் என்ற இளைஞரையும் அங்கே சந்தித்தார். உயிரினங்கள் எவ்வாறு கிளைக்கின்றன என்பது பற்றிப் பின்னாளில் உலகம் போற்றும் நூலை 1942இல் எழுதியவர் அந்த மேயரே.

தூக்கணாங்குருவி சொன்ன பாடம்

1930இல் நாடு திரும்பியபோது, நிதி இல்லை என்று அவரது பதவியே நீக்கப்பட்டிருந்தது. வேலையற்ற அவர், மனைவியுடன் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. வேலை போன துன்பத்திலேயே மூழ்கிவிடாமல், மாதக்கணக்கில் அவற்றை உற்றுநோக்கினார்.

தூக்கணாங்குருவி தன் கூட்டில் மின்மினியை விளக்காக ஏற்றி வைக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. முடிவுறாத கூடுகள் ஆண் குருவி ஊஞ்சலாடுவதற்கு என்றும் சிலர் கருதியதுண்டு. சலீம் அலி கதைகளைக் கேட்கவில்லை, குருவியைக் கேட்டார். அவர் கண்டது இது. ஆண்தான் கூட்டைப் பின்னுகிறது. பாதி முடிந்த நிலையில் பெண் குருவிகள் வந்து ஒவ்வொரு கூட்டையும் ஆராய்கின்றன. பிடித்த கூட்டைப் பெண் ஏற்றுக்கொண்டால், அந்த ஆண் அதற்கு இணையாகிறது. கூடு நிறைவுற்று, முட்டையிட்டுப் பெண் அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த இணையைத் தேடுகிறது. எந்தப் பெண்ணும் ஏற்காத கூடுகளே பாதியில் தொங்குபவை! இந்தக் கண்டுபிடிப்பு அவருக்கு உலகப் புகழைத் தந்தது.

பரிணாமம் என்று உயிரியலார் கூறுவதன் ஒரு பகுதியை இக்கூட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். எல்லா ஆண்களும் ஒரே திறத்துடன் பின்னுவதில்லை. பெண் ஏற்கும் கூட்டைக் கட்டியவற்றின் வாரிசுகள் பெருகுகின்றன; மற்றவற்றின் வாரிசுகள் குறைகின்றன. தலைமுறை தலைமுறையாக இவ்வாறு நிகழும்போது, திறமைக்கு அடிப்படையான மரபுப் பண்பு இனம் முழுவதும் பரவுகின்றது. தெரிவது இணை என்பதால் இயற்கைத் தெரிவின் இவ்வகையைப் பாலினத் தெரிவு என்கிறார்கள்.

காகமும் சிரிப்பானும்

சைதாப்பேட்டைக் காகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கழுத்து சாம்பல் நிறம். வறண்ட சிந்துப் பகுதியில் அக்கழுத்துப் பட்டை வெளிறிக் காணப்படும். தெற்கே இலங்கையில் கருமை கூடும். மழை மிகுந்த பர்மாவிலோ பட்டையே தெரியாத அளவுக்குக் கறுத்திருக்கும். காகம் ஒன்றே, நிலத்திற்கேற்ப நிறம் மாறுகிறது.

இவ்வேறுபாடு எங்கே போய் முடியும்? நம் மலைகளைக் காணுங்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் அதற்குத் தெற்கே உள்ள மலைகளிலும் சிரிப்பான் என்னும் பறவை வாழ்கிறது. குளிர்ந்த சோலைக்காட்டை விட்டு அது கீழே இறங்காது. எனவே பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் அதற்குக் கடக்க முடியாத கடல்கள். ஒருபுறம் இருப்பது மறுபுறத்தோடு கூடாமல் பன்னெடுங்காலம் கழிந்தது. 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இம்மலைச் சிரிப்பான்களை ஒன்றுக்கொன்று உறவுடைய நான்கு தனி இனங்களாகப் பிரித்துக் காட்டியது.

இதே வினாவைச் சலீம் அலியும் எழுப்பியிருந்தார். இமயத்தின் ஈர மலைகளில் வாழும் பறவைகளுக்கு நெருங்கிய உறவினங்கள், இடையில் எங்கும் இன்றி, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் எப்படி வந்தன? சாத்பூரா மலைத்தொடர் முற்காலத்தில் பசுமையான பாலமாக இருந்திருக்கலாம் என்று மீன்களைக் கொண்டு ஹோரா என்ற அறிஞர் கருதினார். பறவைகளைக் கொண்டு சலீம் அலி 1949இல் அக்கருத்தை ஆராய்ந்தார். பின்வந்த ஆய்வுகள் அதனை முழுமையாக ஏற்கவில்லை. அதனால் என்ன? அறிவியலில் கருதுகோள் என்பது சோதித்துப் பார்ப்பதற்காகவே முன்வைக்கப்படுவது.

உயிர்கள் யாவும் பழங்காலப் பொது மூதாதையிலிருந்து கிளைத்தவை என்பது உயிரியலாரின் முடிவு. மனிதப் படைப்பைப் பற்றி நம் மார்க்க அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. அவ்வாராய்ச்சி இச்சிறு கட்டுரைக்கு அடங்காது. ஆனால் பறவைகளிடையே மாற்றம் நிகழ்வது அளந்து அறிந்த உண்மை. அதனைக் காண மறுப்பது ஈமானைக் காப்பதாகாது. எவ்வாறு நிகழ்ந்தது என்று ஆய்வது, நிகழ்த்தியவனை மறுப்பதும் ஆகாது.

பிழையைத் திருத்தும் பண்பு

இக்கல்விக்கு இன்றியமையாதது பணிவு. இந்தியப் பறவைகளில் வல்லுநராக விளங்கிய ஆங்கிலேயர் ஹியூ விஸ்லர், துடுப்புவால் கரிச்சானின் வால் இறகைப் பற்றி எழுதியதில் பிழை இருப்பதைச் சலீம் அலி சுட்டிக்காட்டினார். பெயர் தெரியாத இந்தியர் ஒருவர் தம்மைத் திருத்துவதா என்று விஸ்லர் முதலில் சினந்தார். பின்னர்த் தம்மிடம் இருந்த பறவைகளை மீண்டும் எடுத்துப் பார்த்தார். தாம் எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டார். அன்றுமுதல் இருவரும் உற்ற நண்பர்கள் ஆனார்கள். ஆள்வோர் இனம், ஆளப்படுவோர் இனம் என்ற பேதத்தை ஓர் இறகு துடைத்தெறிந்தது!

அதன்பின் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். முகாம் செலவை ஏற்றால் போதும், தமக்கு ஊதியம் வேண்டாம் என்பதே அவர் விதித்த நிபந்தனை. காடுதோறும் உடன் வந்து துணை நின்ற தஹ்மீனா பேகம் 1939இல், சிறிய அறுவை மருத்துவம் ஒன்றை அடுத்துக் காலமானார்கள். அந்தத் துயரைச் சலீம் அலி உழைப்பால் கடந்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. அது நிறைவுற்றபோது அவருக்கு வயது 77.

காக்க நீண்ட கைகள்

பரத்பூர் ஏரியில் 1938இல் ஒரே நாளில் 4,000க்கும் மேற்பட்ட பறவைகள் வேட்டையாடப்பட்டன. அதே ஏரியைப் பறவைகளின் புகலிடமாக்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் சலீம் அலி. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கவும் குரல் கொடுத்தார். 1976இல் தமக்குக் கிடைத்த பன்னாட்டுப் பரிசுத் தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே வழங்கினார். அதே ஆண்டு பத்ம விபூஷண் விருது பெற்றார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார்.

தமிழகத்தோடு அவருக்கு உள்ள தொடர்பு சிறியதன்று. வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரையின் சிறப்பை எடுத்துரைத்தவர் அவரே; 1967இல் அது சரணாலயமாயிற்று. வலசை வரும் பறவைகளின் காலில் எண் பொறித்த இலேசான வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே செல்கின்றன என்று கண்டறியும் பணியை அவரது கழகம் அங்கே நடத்தியது. தேனி மாவட்ட மேகமலையில் 1948இல் பிடிபட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று, வேறு பெயரில் பம்பாய்ப் பெட்டகத்தில் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை மறு ஆய்வு செய்து, முற்றிலும் புதிய பேரினம் எனக் கண்டு 1972இல் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார்.

சைதாப்பேட்டைக்கும் உயிரியல் கல்வியில் ஓர் இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அரசின் சோதனைப் பண்ணையும் வேளாண் பள்ளியும் இங்கேதான் இயங்கின. அக்கல்வி நிலையம் 1906இல் கோயம்புத்தூருக்கு மாறிப் பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதே கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990இல் சலீம் அலி பெயரால் பறவையியல் ஆய்வு மையம் எழுந்தது. அதனைக் காண அவர் இல்லை. 1987 ஜூன் 20ஆம் நாள், தம் 90ஆம் வயதில் பம்பாயில் மறைந்தார்.

பெற்றோர் சிந்தனைக்கு

வாசகர்களே! ஓர் உண்மையை மறைத்து இவ்வரலாற்றை முடித்தல் முறையன்று. சலீம் அலி வணக்க வழிபாடுகளில் ஈடுபட்டவர் அல்லர். அதனைத் தம் தன்வரலாற்றில் அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். சிறு வயதில் பொருள் புரியாமலே திருக்குர்ஆனை ஓதக் கற்பிக்கப்பட்டார். பக்தியைப் பறைசாற்றிக்கொண்ட பெரியவர்கள் சிலரின் போக்கு அவருக்கு வெறுப்பூட்டியது. இறைவனுக்கும் அவருக்கும் இடையே உள்ள கணக்கில் நாம் நுழைய வேண்டியதில்லை. நம் கணக்கை நாம் பார்த்துக்கொள்வோம்.

ஒரே பிள்ளைக்கு இரண்டு வகைப் பெரியவர்கள் வாய்த்தார்கள். குருவியைப் பற்றிக் கேட்டபோது ஒருவர் வழிகாட்டி அனுப்பினார். அந்த வழியில் பிள்ளை எண்பது ஆண்டுகள் நடந்தது. மறையைப் பற்றி விளங்கிக்கொள்ள விரும்பியிருந்தால், அவ்வாறு கைப்பிடித்து அழைத்துச் செல்வார் இருந்தார்களா? மில்லர்டு அலமாரியைத் திறந்ததுபோல் மறையின் பொருளைத் திறந்து காட்டியிருந்தால் என்னவாகியிருக்கும்? விடை இறைவனுக்கே வெளிச்சம். ஆனால் நம் வீட்டில் இன்று ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த வினா நாளைக்கும் பொருந்தும்.

உங்கள் பிள்ளை பள்ளியில் உயிரியல் பாடம் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டால், அதட்டி அடக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை அறிந்தோரிடம் கேட்டு வர அழைத்துச் செல்லுங்கள். ஓதும் வசனத்தின் பொருளையும் உடன் சொல்லிக் கொடுங்கள். தொழுகை முடிந்து திரும்பும் வழியில் அடையாற்றுப் பாலத்தின் மேல் சிறிது நேரம் நின்று, நீரில் நிற்கும் பறவைகளைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். படைப்பை உற்றுநோக்கும் கண்ணும், படைத்தவனை உணரும் நெஞ்சும் ஒரே பிள்ளையிடம் ஒருசேர வளர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.